கேட்டுக்கு எத்தனை எச்.பி.?

கார் பின்னால் உருண்டபோது தெய்வாத்தாள் கேட்டின் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். அது கடகடவென்று நாலு பல் ஏறிய சத்தம்கூடக் காதில் இருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது வெள்ளை மாருதி சரிவில் மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்த பொங்கியண்ணன் கண்ணாடி வழியாக மனைவியையே பார்த்தபடி தூரமாகிக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் தெரியவில்லை. அந்த முகத்தின் வலப்பக்கம் ஏழு மாதமாக எதையும் காட்டுவதில்லை.

சத்தி ரோட்டில் அன்னூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் பிரேக் அடித்த சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். காரின் பின்சக்கரம் ரோட்டோரக் கல்லில் முட்டி நின்றது. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்.

"ஏனம்மா, வண்டிய ரோட்டுல உருட்டி உட்டுப்போட்டு அங்க என்ன கோலமா போட்டுட்டு இருக்கறீங்க?" என்று கத்தினார் பஸ் டிரைவர்.

தெய்வாத்தாளுக்கு அது காதில் ஏறவில்லை. ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தாள். "ஏனுங்க, ஒண்ணும் ஆகலீங்களே?"

"செரி" என்றார் பொங்கியண்ணன்.

அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் செரி. வலிக்கிறதா என்றாலும் செரி. பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷப் பேச்சையும் எடுத்துக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தது.

இது நடந்தது 1997 மார்ச்சில்.

சரவணம்பட்டி தாண்டி, ரோட்டைவிட ஆறடி உயரத்தில் அவர்கள் வீடு. பாறை மேடு என்று யாரும் சீந்தாத இடத்தைப் பொங்கியண்ணன் வாங்கி, பின்னால் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையும் முன்னால் வீடும் கட்டினார். ரோட்டிலிருந்து கேட் வரைக்கும் ஏற்றம், கேட்டுக்கு உள்ளேயும் ஏற்றம். கதவு போலத் திறக்கும் கேட் அங்கே ஆகாது. உள்ளே திறந்தால் தரையில் இடிக்கும், வெளியே திறந்தால் காரை இடிக்கும். அதனால் பக்கவாட்டில் தள்ளும் கேட்டாக அவரே செய்தார். மூடிப்போன மில்லின் பழைய இரும்புச் சேனல், அடியில் பால் பேரிங் போட்ட சக்கரம், ஓடுவதற்குத் தண்டவாளம். செய்து முடித்து லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் எடைபோட்டு, "நானூத்திப் பத்து கிலோ" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

தெய்வாத்தாளுக்கு மோட்டார் புதிதில்லை. அன்னூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலிருந்து பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவள், பட்டறையின் முதல் ஆறு வருஷம் ஆள் வைக்க வழியில்லாத காலத்தில், கணவருக்கு எதிரே உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றினாள். செம்புக் கம்பி எத்தனை சுற்று, எந்தக் காடியில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். எரிந்த மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கும்போதே வார்னிஷ் வாசத்தை வைத்து, "இது லோடு தாங்காம போனதுங்க" என்று சொல்லிவிடுவாள்.

பொங்கியண்ணன் விழுந்த பிறகு இரண்டு டிரைவர்கள் வந்தார்கள். ஒருவன் மூன்று வாரத்தில் திருப்பூருக்குப் போய்விட்டான். இன்னொருவன் அவரை மூட்டை மாதிரித் தூக்கி சீட்டில் போட்டான். மறுநாள் அவர் அவனைப் பார்த்ததும் கட்டிலின் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நாற்பத்தெட்டு வயதில் தெய்வாத்தாள் எல் போர்டு மாட்டினாள். காலை பத்து மணிக்குக் காந்திபுரத்தில் பிசியோதெரபி. சித்திகா என்ற சின்னப் பெண்தான் டாக்டர். "ஒரு நாள்கூட உடக்கூடாதுங்கம்மா. இந்த வருஷத்த உட்டுட்டா அந்தக் கால் அப்படியே நின்னுரும்" என்று சொல்லியிருந்தாள்.

போவது சுலபம். திரும்பி வருவதில்தான் சிக்கல். ஏற்றத்தில் காரை நிறுத்தி, இறங்கி, பூட்டைத் திறந்து, நானூற்றிப் பத்து கிலோவைத் தள்ளி, மறுபடி ஏறி, காரை உள்ளே விட வேண்டும். அந்த நாலு நிமிஷமும் அவர் காரில் தனியாக. கேட்டைத் திறந்தே போட்டுவிட்டுப் போகலாம் என்றால், பட்டறையிலிருந்து செம்புக் கம்பி இரண்டு தடவை களவு போயிருக்கிறது. பட்டறையை இப்போது பார்த்துக்கொள்ளும் காளிச்சாமி காலையில் ஊர் ஊராகக் கிணற்று மோட்டார் கழற்றப் போய்விடுவான்.

பஸ் விஷயம் யார் மூலமாகவோ மெட்ராசுக்கு எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் லோகப்பிரியா போன் செய்தாள்.

"அம்மா, போதும். ஊட்டப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க."

"மூணாவது மாடியில உங்கப்பன என்ன பண்றது கண்ணு?"

"லிஃப்ட் இருக்குதும்மா."

"பட்டற?"

"அப்பாவே இல்லாத பட்டறை என்னத்துக்கு?" சொன்ன வேகத்திலேயே குரலை இறக்கினாள். "செரி, ஆடி வரைக்கும் பாருங்க. எங்க எம்.டி. ஊட்ல ஆட்டோமேடிக் கேட் போட்டிருக்காங்க. கார்ல உக்காந்தே பட்டன அமுத்துனாத் தொறந்துக்குது. அப்படி ஒண்ணப் போடுங்க. இல்லாட்டி ஆடியில நானே வந்து கூட்டிட்டுப் போயருவேன்."

கேட்டுக்கு மோட்டார். தெய்வாத்தாளுக்கு நிம்மதியாக இருந்தது. மோட்டார்தானே, அது தெரியாதா என்று நினைத்துக்கொண்டு நூறடி ரோட்டில் ஆட்டோமேடிக் கேட் விற்கும் கண்ணாடி முகப்புக் கடைக்குப் போனாள்.

கழுத்தில் டை கட்டிய கிருபாசங்கர் என்ற பையன் எழுந்து வந்தான். "வாங்க மேடம். உங்க கேட் ஸ்விங்கா, ஸ்லைடிங்கா?"

"இரும்பு."

"இல்லீங் மேடம், எப்படித் தொறக்கும்?"

"தள்ளுனாத் தொறக்கும்."

"அப்ப ஸ்லைடிங். லெஃப்ட் ஹேண்டா, ரைட் ஹேண்டா?"

தெய்வாத்தாள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "ரெண்டு கையும் வெச்சுத்தான் தள்ளோணும். ஒரு கைக்கு அது அசையாது கண்ணு."

"எந்தப் பக்கமா நகரும்னு கேட்டேனுங்."

அவள் கண்ணை மூடிக் கேட்டைக் கொண்டுவந்து பார்த்தாள். உள்ளே நின்றால் இடது. வெளியே நின்றால் வலது. இத்தனை வருஷத்தில் இதை ஒரு கேள்வியாக யாரும் கேட்டதில்லை. "நீ எங்க நின்னு கேக்கற?" என்றாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. மோட்டார் பிடித்து இழுக்கும் பல்சட்டம் இரும்பா, நைலானா? ரிமோட் இரண்டா, நாலா? கேட்டின் குறுக்கே ஒளிக்கதிர் போடுகிற கண் வேண்டுமா? கேட் தானாக மூடிக்கொள்ள வேண்டுமா, சொன்னால் மூடினால் போதுமா? பிசியோதெரபி சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். குறித்து முடித்தபோது எது கேள்வி, எது பதில் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைக் கேட்டாள்.

"எத்தன எச்.பி.?"

"கால் எச்.பி.க்குக் கொஞ்சம் மேல இருக்கும் மேடம்."

பையன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். "எங்கூட்ல மாவாட்டற கிரைண்டரே அரை எச்.பி. கண்ணு. என்ற கேட்டு நானூத்திப் பத்து கிலோ."

"அறுநூறு கிலோ வரைக்கும் தாங்குங் மேடம். தூக்கப் போறதில்லையே, உருட்டத்தான போறோம். இட்டாலி மேக். இங்க பாருங்க." கடைக்குள் நின்றிருந்த மாதிரி கேட்டை அவன் பட்டனை அமுத்தி ஓட விட்டு, நடுவில் கையை நீட்டினான். கேட் அவன் கையைத் தொட்டு நின்றுவிட்டது. உள்ளே மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா? கை பட்டாலே நின்னுரும். இதுதான் இதுல ஸ்பெஷல்."

தெய்வாத்தாளின் முகம் விழுந்துவிட்டது. "கைக்கே நிக்குதா?"

"ஆமாங் மேடம். உள்ள கிளட்ச் இருக்கு. அது வழுக்கி உட்டுரும்."

"எங்க கேட்டு முன்னால ஆடு மேயும், நாய் படுத்திருக்கும். ஒரு ஆட்டுக்குட்டிக்கெல்லாம் நின்னா அது என்ன மோட்டாரு?"

கிருபாசங்கர் அச்சடித்த தாளைப் புரட்டினான். அதில் ஆட்டுக்குட்டி இல்லை. அவளுக்கோ, ஓடுகிற மோட்டார் நின்றுவிட்டது என்றால் அர்த்தம் ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் காயில் எரிந்து வார்னிஷ் வாசம் வரும்.

"கரண்டு போச்சுன்னா?"

"இந்தச் சாவியப் போட்டுத் திருகுனா மோட்டார் கழண்டுக்கும். கையால தள்ளிக்கலாம்."

"அதத்தான கண்ணு இப்பவும் பண்ணிட்டு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கோயமுத்தூரில் மோட்டார் பற்றிக் கருத்து இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பம்ப்செட் கடைக்காரர் இரண்டு எச்.பி.க்குக் குறைந்தால் வீண் என்றார். பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருந்த பெரியப்பா மகன், திரீ பேஸ் போடாவிட்டால் கேட் பாதியில் நிற்கும் என்று எச்சரித்தார். பால்காரர், "ரெண்டு நாயி வளத்துனாப் போச்சு, கேட்டத் தொறந்தே போடலாம்" என்றார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுதான் சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து குறித்து வைத்ததைப் பார்த்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டது.

கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஊரில் அவள் உண்மையில் நம்பிய ஒரே மோட்டார்க்காரரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த இட்டாலிக்காரனுது வாங்கலாமுங்களா?"

"செரி."

"இல்ல, ரெண்டு எச்.பி. போடலாமுங்களா?"

"செரி."

"ரெண்டும் வேண்டாம், மெட்ராசுக்கே போயரலாமுங்களா?"

பொங்கியண்ணன் கூரையைப் பார்த்தார். "செரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

காளிச்சாமி பதினெட்டு வருஷமாக அங்கே காயில் இறக்குகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தான். "ஏனுங்க்கா, அண்ணன் ஊட்டுக் கேட்டுக்கு எவனோ செஞ்ச கால் எச்.பி.யப் போட்டா நாம எதுக்குப் பட்டறை வெச்சிருக்கறோம்? ஊரு சிரிக்காதுங்களா? நான் செஞ்சு தாரேன்."

"ஆட்டுக்குட்டிக்கு நிக்கக் கூடாது."

"ஆனைக்கே நிக்காதுங்க்கா."

பத்து நாளில் செய்தான். ஒரு எச்.பி. மோட்டார், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த கியர் பெட்டி, தடித்த சங்கிலி, காருக்குப் போடும் பூட்டு ரிமோட் ஒன்று. கேட் தூணில் இரும்புப் பெட்டிக்குள் ஸ்டார்ட்டர். அதில் 'ஆட்டோ' என்று ஒரு சுவிட்ச்.

"இதெதுக்கு காளிச்சாமி?"

"நம்ம தோட்டத்துல இருக்குமுங்களே, அதேதானுங்க்கா. கரண்டு எந்நேரம் வருமோ தெரியாதுன்னு கிணத்து மோட்டார ஆட்டோல போட்டு வெச்சிருவமல்ல? கரண்டு வந்தவொடனே தன்னால ஓடும். அதே மாதிரி, கரண்டு இல்லாம நீங்க வெளிய நின்னுட்டு இருந்தீங்கன்னு வெச்சுக்கங்க. வந்தவொடனே கேட்டு தன்னால தொறந்துக்கும். நீங்க தொடவே வேண்டாம்."

அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நூறடி ரோட்டுப் பையன் சாவியைக் காட்டினானே! சுவிட்சை ஆட்டோவில் போட்டு, பெட்டியைப் பூட்டினாள்.

மே மாதம் முழுக்க கேட் ஓடியது. பட்டனை அமுத்தினால் மில் ஷிஃப்ட் சங்கு ஊதினாற்போல ஒரு சத்தத்தோடு கிளம்பி, சங்கிலி தடதடக்க, போகவேண்டிய இடத்தில் முட்டி நிற்கும். டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அன்னூர் பஸ் டிரைவர்கூட ஒரு நாள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். கார் ஏற்றத்தில் நிற்கவில்லை. அவர் காரில் தனியாக இருக்கவில்லை. தெய்வாத்தாள் மகளிடம், "ஆடிக்கு நீ சும்மா வந்துட்டுப் போ, போதும்" என்று சொன்னாள்.

ஜூனில் சித்திகா புதுப் பயிற்சி கொடுத்தாள். சாயங்காலம் வீட்டில் பத்து நிமிஷம் நின்று பழக வேண்டும். "அசையாத கம்பி எதையாவது புடிச்சுட்டு நிக்கட்டுங்கம்மா. வலது கை புடிக்காது, அதத் துண்டுல சுத்திக் கம்பியோட கட்டிருங்க. அந்த மாதிரி எதாவது இருக்குதுங்களா ஊட்ல?"

"கேட்டு இருக்குது. நானூத்திப் பத்து கிலோ" என்றாள் தெய்வாத்தாள்.

கேட்டுக்கு எப்போது போவது என்பதையும் அவளே முடிவு செய்தாள். நாலு மணிக்கு கரண்டு போகும். ஃபேன் நின்றுவிட்டால் உள்ளே வேகும். கேட்டோரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும். தவிர, கரண்டு இல்லாத நேரத்தில் கேட் எப்படி அசையும்?

மூன்று நாள் கரண்டு ஐந்து மணிக்குத்தான் வந்தது, நன்றாக நடந்தது. நாலாவது நாள், வலது மணிக்கட்டைத் துண்டால் கம்பியோடு கட்டி, இடது கையால் அவரைப் பிடிக்க வைத்து, "நில்லுங்க, தண்ணி கொண்டாறேன்" என்று திரும்பினாள். தூண் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து எல்லாத் தோட்டத்திலும் கேட்ட சத்தம். கரண்டு வந்துவிட்டது என்பதற்கான சத்தம். எப்போதும் போல முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

பிறகு சங்கிலி தடதடத்தது.

கேட் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பியது. பெட்டியின் சாவி வீட்டுக்குள் இருந்தது. ரிமோட் காரில் இருந்தது. தெய்வாத்தாள் வீட்டை நோக்கி நாலு அடி ஓடினாள், காரை நோக்கித் திரும்பினாள், அதையும் விட்டுவிட்டு அவரிடமே ஓடி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கேட் இரண்டு பேரையும் இழுத்தது. ஒரு எச்.பி.க்கு ஆட்டுக்குட்டி, ஆனை, மனுஷன் எல்லாம் ஒன்றுதான். பொங்கியண்ணனின் இடது கால் ஓர் எட்டு வைத்தது. வலது கால் தரையில் இழுபட்டது. மறுபடி இடது கால். மறுபடி வலது கால் இழுபட்டது, அப்புறம் எப்படியோ தூக்கி வைத்தது. ஒன்பது எட்டு. கேட் கடைசித் தூணில் முட்டி, உள்ளே 'டப்' என்று நின்றது.

துண்டை அவிழ்த்தாள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. வலது கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"செரி" என்றார்.

தெய்வாத்தாள் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காளிச்சாமி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆட்டோல போட வேண்டாம்னு நான் சொல்லாம உட்டுப்போட்டனுங்க்கா."

"நீதான்டா போடச் சொன்னே."

"ஆமாங்க்கா. நாந்தான் சொன்னேன்." அவன் அப்போதே சங்கிலியைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டான்.

மறுநாள் சித்திகா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திட்டினாள். இருபத்தைந்து வயதுப் பெண் திட்டியதைத் தெய்வாத்தாள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்து, பழக்கத்தில், "வலது காலத் தூக்குங்க பாக்கலாம்" என்றாள் அவள். கால் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழுந்தது. சித்திகா குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை தூக்கச் சொன்னாள்.

"யாருங்க இவர நடக்க வெச்சது?"

"கேட்டு."

"நான் உங்களத் திட்டறதா, கையெடுத்துக் கும்படறதான்னே தெரியலீங்கம்மா" என்றாள் சித்திகா.

தெய்வாத்தாளுக்கும் தெரியவில்லை. கணவரை விழுங்கப் பார்த்த கேட்தான் அவரை ஒன்பது எட்டு நடக்க வைத்தது. நல்லதா, கெட்டதா? கழற்றிப் போட்டது சரியா? காந்திபுரத்திலிருந்து காரை எடுத்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவள் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு ஆட்டுக்குட்டி. அதற்கெல்லாம் நிற்கக் கூடாது என்று கேட்டு வாங்கியது அவள்தான்.

நூறடி ரோட்டுக் கடை வாசலில் அவரைக் காரில் வைத்தே, கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தி, உள்ளே போனாள்.

"கண்ணு, அந்தக் கேட்ட ஓட்டு."

கிருபாசங்கர் ஓட்டினான். தெய்வாத்தாள் நேராகப் போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"மேடம்! மேடம், கைய மட்டும் நீட்டுனாப் போதுங்!"

"நீ சும்மா இரு."

கேட் அவள் இடுப்பில் வந்து தொட்டு நின்றது. உள்ளே மோட்டார் முனகியது. அவள் நகரவில்லை. மூக்கை மோட்டார்ப் பக்கம் சாய்த்து மோந்து பார்த்தாள். வார்னிஷ் வாசம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள். முனகலும் தானாக நின்றது.

"அரை நிமிஷம் பாக்குங் மேடம். அதுக்குள்ள நகர்ந்தீங்கன்னா அதுபாட்டுக்குப் போகும். நகரலைன்னா ஆஃப் ஆயிரும்."

"கரண்டு போய்ட்டு வந்தா என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங். நீங்க அமுத்தற வரைக்கும் சும்மா இருக்கும்."

"சும்மா இருக்குமா?"

"ஆமாங் மேடம்."

"அதக் குடு" என்றாள். "மேடம் வேண்டாம், அம்மான்னே சொல்லு."

ஆடி இரண்டாவது வாரம் லோகப்பிரியா ரயிலில் வந்து இறங்கினாள். கையில் பெரிய பெட்டி, காலி. அப்பா துணிகளுக்கு. திரும்பிப் போக மூன்று டிக்கெட் எடுத்தே வந்திருந்தாள். ஸ்டேஷனுக்குத் தெய்வாத்தாள்தான் காரை ஓட்டி வந்திருந்தாள். முன் சீட்டில் பொங்கியண்ணன், இடது உள்ளங்கையில் ரிமோட்.

"அப்பா கையில எதுக்கும்மா அது?"

"என்ற ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருக்குதல்ல. அவருக்கு ஒரு கை சும்மாதான இருக்குது?"

வீட்டுக்கு முந்தின வேப்பமரம் வந்ததும் அமுத்த வேண்டும் என்று ஏற்பாடு. வேப்பமரம் வந்தது. அவர் அமுத்தினார். கேட் நகர்ந்தது. சந்தேகத்தில் இன்னொரு தடவை அமுத்தினார். கேட் பாதியில் நின்றது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

"அம்மா, நிறுத்தும்மா, நான் எறங்கித் தள்றேன்!"

"நீ உக்காரு கண்ணு." தெய்வாத்தாள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "ஏனுங்க, இன்னும் ரெண்டு தடவ. மொதல்ல ஒண்ணு, நின்னு ஒண்ணு."

ஒன்று. கேட் திரும்பி மூட வந்தது. நின்று ஒன்று. அது நின்றது. "இன்னொண்ணு போடுங்க!" போட்டார். கேட் திறந்துகொண்டு போனது. கார் இரண்டாவது கியரில் ஏற்றத்தில் ஏறி, நிற்காமல் உள்ளே போய் வாசலில் நின்றது. லோகப்பிரியா பின் சீட்டில் மூச்சு விட்டாள். ஒன்றுக்கு எதற்கு ஐந்து தடவை அமுத்த வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்திகா வீட்டுக்கு வந்தாள். புது மோட்டார் போட்ட நாளிலிருந்து பொங்கியண்ணன் தினமும் இடது கையால் கேட்டையே காட்டிக்கொண்டிருந்தார். "நான் பக்கத்துல இருக்கறப்ப ஒருக்கா பாக்கலாம். ஆனா கையக் கட்டக் கூடாது" என்று சித்திகா ஒப்புக்கொண்டிருந்தாள்.

காளிச்சாமி முன்பே வந்து மோட்டாரின் மூடியைத் திறந்து குனிந்துகொண்டிருந்தான். "ஏனுங்க்கா, கிளட்ச் இப்படி வழுக்குதே. இந்த ஸ்குருவ ரெண்டு சுத்து டைட் பண்ணுனா நல்லா இழுக்கும். பண்ணட்டுங்களா?"

தெய்வாத்தாள் அவன் கையிலிருந்து ஸ்குரு டிரைவரைப் பிடுங்கிச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள். "அதுல கைய வெச்சீன்னா உன்னயத்தான் கேட்டுல கட்டுவேன்."

பொங்கியண்ணன் நகரும் கேட்டின் பின்முனையில் நின்று இடது கையால் கம்பியைப் பிடித்தார். சித்திகா அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். தெய்வாத்தாள் அமுத்தினாள். கேட் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவர் கம்பியோடு பின்னால் சாய்ந்தார், நின்றுவிட்டது. முனகிக்கொண்டு காத்திருந்தது. அவர் இடது காலை வைத்தார், நிமிர்ந்தார். கேட் ஒரு முழம் போனது. வலது காலுக்காக மறுபடி நின்றது. வலது கால் எழுந்து, யோசித்து, முன்னால் விழுந்தது. கேட் போனது.

"கேட்டு அவர இழுக்குதா, அவரு கேட்ட இழுக்கறாரான்னே தெரியலீங்க்கா" என்றான் காளிச்சாமி.

ஐந்தாவது எட்டில் அவர் அதிக நேரம் நின்றுவிட்டார். அரை நிமிஷம் ஆனது, முனகல் ஓய்ந்தது. "அமுத்துங்கம்மா, நல்லா வர்றாரு" என்றாள் சித்திகா. தெய்வாத்தாள் அமுத்தினாள். கேட் பின்பக்கம் கிளம்பி, அவர் மார்பில் வந்து தொட்டு நின்றது.

பொங்கியண்ணன் கேட்டைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். உதட்டின் இடது மூலை இழுத்துக்கொண்டது.

"செரியில்ல" என்றார்.

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வாத்தாள் ரிமோட்டோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, எதுங்க செரியில்ல? கேட்டா? மோட்டாரா? நான் அமுத்துனதா?" சற்று நிறுத்தினாள். "மெட்ராசுக்குப் போறதா?"

அவர் இடது கை அவள் கையிலிருந்த ரிமோட்டைக் காட்டியது. அமுத்து என்று. அவருக்குப் போக வேண்டிய எட்டு இன்னும் பாக்கி இருந்தது.

தெய்வாத்தாள் பட்டனைப் பார்த்தாள். இப்போது அமுத்தினால் முன்னால் போகுமா, பின்னால் வருமா?

"அம்மா" என்றாள் லோகப்பிரியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு டிக்கெட்ட என்ன பண்றது?"

"ரெண்ட ரத்து பண்ணிப்போடு கண்ணு" என்றாள் தெய்வாத்தாள், பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இது இன்னும் புடிபடல."